தண்டோடு வந்த பூ

மட்டாஞ்சேரியில் பூவை வாட்டுவது வெயில் இல்லை, கிணற்றுத் தண்ணீர். காயலை ஒட்டிய ஊர் என்பதால் எங்கள் கிணறுகளில் உப்பு ஊறும். மழைக்காலத்தில் கொஞ்சம் தேறும், கோடையில் வாயில் வைக்க முடியாது. அந்தத் தண்ணீரில் துணி அலசலாம், தரை கழுவலாம். பூ வைத்தால் சாயங்காலத்துக்குள் கழுத்து தொங்கிவிடும். நல்ல தண்ணீர் தெருக்குழாயில் விடியற்காலையில் வரும், சில நாள் வராது. ஆகவே அந்த நாட்களில் எங்கள் பக்கம் ஜாடியில் பூ வைப்பது என்றால் குடிக்கிற தண்ணீரை எடுத்துப் பூவுக்கு ஊற்றுவது என்று பொருள். நான் எழுதப்போவது அப்படித் தண்ணீர் ஊற்றிய ஒரு வருஷத்தைப் பற்றி.

எழுபதுகள் முடியும் சமயம். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பே கொச்சிக்கு வந்து தங்கிவிட்டது. வீட்டில் தமிழ்தான், ஆனால் பாதி மலையாளம் கலந்த தமிழ். தேநீர் என்று யாராவது சொன்னால் எங்களுக்கே சிரிப்பு வரும், சாயாதான். எனக்குப் பெண் எடுத்தது நிலக்கோட்டையில். மாமனாருக்கு அங்கே பூ மண்டி. சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து மூட்டைகளில் வரும் பூவை எடைபோட்டு ஏலம் விட்டுக் கமிஷன் எடுப்பது தொழில். என் மனைவி பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து அந்த மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

கல்யாணமாகி வந்த வீடு இரண்டு அறை. பின்சுவரை ஒட்டி மிளகுக் கிட்டங்கி. பகலில் சுக்கு மணமும் மிளகுத் தூசியும் ஜன்னல் வழியாக வரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசுவது அவளுக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் அவள் முயலவில்லை. காலையில் பத்து மணிக்குள் சமையல் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நான் வரும்வரை செய்ய ஒன்றும் இல்லை.

தை மாதம் கழிந்ததும் ஒரு நாள் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"ஆவணி வரைக்கும் பாக்குறேங்க. ஆவணியில முகூர்த்தம் ஆரம்பிச்சா அப்பாவுக்குக் கடையில ஆள் பத்தாது. நான் போயிருவேன்."

"போய்?"

"போய் அங்கயே இருப்பேன். நீங்களும் வாங்களேன். மிளகு எழுதுற கை மல்லிகையை எழுதாதா?"

கோபமாகச் சொல்லவில்லை. குழம்பு இன்னும் வேண்டுமா என்று கேட்கும் குரலில் சொன்னாள். அவள் சொன்னால் செய்துவிடுவாள் என்று கல்யாணமான அந்த ஆறு மாதத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. யோசிக்கலாம் என்று பதில் சொன்னேன். கொச்சியை விட்டு நான் போக மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும்.

அந்த மாதக் கடைசியில் யூதத்தெருவுக்குப் போனோம். அப்போது அங்கே பழைய சாமான் கடைகள் ஒன்றிரண்டுதான். ஊரை விட்டுப் போனவர்களின் கட்டில், கடிகாரம், விளக்கு எல்லாம் தரையில் குவிந்திருக்கும். ஒரு மூலையில் கனமான கண்ணாடி வில்லை ஒன்று கிடந்தது. உள்ளங்கை அகலம். மேல்புறம் கவிழ்த்த கிண்ணம்போலப் புடைத்திருந்தது. பணியாரக்கல்லில் குழிகள் இருப்பதுபோல அதில் துளைகள், ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுழையும். வெளிர்பச்சை நிறம். உள்ளே சில காற்றுக் குமிழ்கள் அப்படியே உறைந்திருந்தன.

"அது சந்தனத்திரி குத்துறது" என்றார் கடைக்காரர். ஊதுவத்தியைத்தான் சொன்னார்.

"இத்தனை ஓட்டை எதுக்கு? ஒரு கட்டு முழுசையும் ஒண்ணா ஏத்துறதா?" என்றாள் என் மனைவி.

"வீட்டில ஆள் ஜாஸ்தியா இருந்தா ஆளுக்கு ஒண்ணு ஏத்தலாம் தங்கச்சி. சண்டை வராது."

வாங்கி வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். ஊதுவத்திக்கு அந்தத் துளைகள் மிகப் பெரியவை. குச்சிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து அலமாரி முழுவதும் சாம்பலைக் கொட்டின. தினமும் துடைத்தாள், ஆனால் எடுத்துவிடவில்லை. கண்ணாடி அவளுக்குப் பிடித்திருந்தது.

அது என்ன என்று சொன்னவர் எங்கள் கம்பெனி விருந்தினர் விடுதியின் பொறுப்பாளர். காயலோரத்தில் பழைய பங்களா ஒன்றைக் கம்பெனி வைத்திருந்தது. மிளகு வாங்க வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். பொறுப்பாளர் முன்பு கப்பலில் ஸ்டூவர்டாக இருந்தவர், ஊரில் எல்லோரும் அவரை ஸ்டூவர்ட் என்றே கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதிக் கணக்கைக் கொடுக்க வந்தவர் சாமி அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதெந்தா மோளே, தவளையைக் கொண்டுபோய் சாமி முன்னால இருத்தியிருக்கே?"

"தவளையா!" அவள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள்.

அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு கண்ணாடியை எடுத்து ஊதிச் சாம்பலைத் தட்டினார். வெள்ளைக்காரர்கள் இதைத் தவளை என்றுதான் சொல்வார்களாம், தண்ணீருக்குள் குந்தியிருப்பதால். ஆழமில்லாத ஒரு கிண்ணத்தில் இதை வைத்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, துளைகளில் பூத்தண்டைக் குத்தி நிறுத்துவது.

"கப்பல் ஆடும்போ உயரமான ஜாடி நிக்காது. இது நிக்கும். எங்க சலூன்ல, சாப்பாட்டு ஹால்ல, எல்லா மேசையிலும் உண்டாயிருந்நு."

"எப்படிக் குத்துவாங்க?"

"அது எனக்கு அறியில்லா. பூ குத்துற ஆள் வேற. நான் சூப் விளம்புற ஆளு."

"உங்க விடுதியில இப்ப யாரு குத்துறா?"

"ஆருமில்லா. இருந்தவனுக்கு விசா வந்நு, கல்ஃபுக்குப் போயி. இப்போ மேசையில உப்பும் மிளகும் மட்டும்தான்."

"நான் வரட்டுமா?"

ஸ்டூவர்ட் என்னைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த நாளே வேலைக்குப் போனாள். கம்பெனி மாதாமாதம் ஒரு சம்பளம் கொடுத்தது. விடுதிக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

முதல் காரியமாகத் தன் அப்பாவிடம் பூ கேட்டாள். பூ மண்டிக்காரர் மகள், பூவைக் கடையில் வாங்குவாளா? குமுளி வழியாக எர்ணாகுளம் வரும் பேருந்தில் ஒரு கூடையை ஏற்றிவிட்டார் மாமனார். நான் போய் எடுத்துப் படகில் கொண்டுவந்தேன். விடுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஈரத்துணியை விலக்கியபோது அருமையான பூக்கள் இருந்தன. பன்னீர் ரோஜா, வெள்ளைச் செவ்வந்தி, உதிர்த்த சம்பங்கி. எதிலும் தண்டு இல்லை. காம்பை ஒட்டிக் கிள்ளி எடுத்த தலைகள் மட்டும்.

அவள் கண்ணாடியையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள். அதுவரை பூவுக்குத் தண்டு வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. எனக்கும்தான் வந்ததில்லை. எங்கள் இருவரின் ஊர்களிலும் பூ என்றால் கட்டுகிற பூ.

"கணக்கப்பிள்ளே," என்றார் ஸ்டூவர்ட் என்னிடம், "இதை வச்சு மேசைக்கு மாலை போடலாம். வர்றவன் மாப்பிள்ளைன்னு நெனச்சுக்குவான்."

அவள் விடவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, ஒவ்வொரு தலையையும் ஈர்க்கில் குத்தி, துளையில் நிறுத்திப் பார்த்தாள். ஊதுவத்திக்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேர்ந்தது. மெல்லிய ஈர்க்கு, பெரிய துளை, மேலே கனத்த தலை. எல்லாம் கிண்ணத்துக்கு வெளியே தலைகுப்புறத் தொங்கின. எல்லாவற்றையும் உருவி எடுத்து, ரோஜாவைச் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் கம்பெனித் தொலைபேசியிலிருந்து நிலக்கோட்டைக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தேன். மாமனார் பேசுவது எனக்கும் கேட்டது. அந்தக் காலத்தில் டிரங்க் கால் பேசுகிறவர்கள் ஊருக்கே கேட்கப் பேசுவார்கள்.

"தண்டோடயா? தண்டோட எதுக்கும்மா, மாட்டுக்கா?"

"மேசையில வைக்கப்பா."

"மேசையில மாடு திங்குதா?"

பிறகு நிதானமாகவே விளக்கினார். தண்டோடு அறுத்தால் செடி அடுத்த பறிப்புக்குத் தாங்காது. எந்தத் தோட்டக்காரனும் ஒத்துக்கொள்ள மாட்டான். தண்டுக்கும் எடை உண்டு, யார் அதற்கு விலை கொடுப்பது? அத்தோடு அழைப்புக்கு உரிய மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் மட்டாஞ்சேரியில் தண்டுள்ள எதையும் விடவில்லை. சுள்ளிக்கல்லுக்குப் போகும் வழியில் வேலியோரம் நின்ற கல்வாழை, யார் வீட்டு மதிலிலிருந்தோ எட்டிப் பார்த்த தெச்சி, கிணற்றுச் சுவரில் முளைத்த பெரணி, மீன்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுக்கும் ஆம்பல். கேட்டு வாங்குவதற்குக் கொஞ்சம் மலையாளம் தேவைப்பட்டது. பூவின் பெயரைச் சொல்லி, இரண்டு விரலால் கத்தரி காட்டுவாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

கண்ணாடித் தவளை எளிதாகப் பழகுகிற பொருள் இல்லை. துளை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் தண்டு சாயும். முதல் தண்டைத் தவறான துளையில் வைத்தால் மற்றதெல்லாம் அதைச் சமாளிப்பதிலேயே போகும். தண்டை அதன் போக்கில் விட்டால் நிற்கும், நிமிர்த்தினால் சுற்றிக்கொண்டு திரும்பும். தண்ணீர் கண்ணாடியை மூடினால் போதும், ஒரு செம்புக்கு மேல் தேவையில்லை. ஆனால் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் துளைகளுக்குள் வழவழவென்று பாசி பிடிக்கும், கொசு முட்டையிடும். அவள் தினமும் ஈர்க்குக் கட்டால் துளைகளைக் குடைந்து கழுவினாள். யூதத்தெருக் கடைக்காரர் பிறகு இன்னும் சிலவற்றைத் தேடிக் கொடுத்தார். கடைசிவரை அவர் அவற்றை ஊதுவத்திக்கென்றே விற்றார்.

தண்ணீர் என் பொறுப்பு. விடுதிக் குழாயில் வருகிற தண்ணீர் விருந்தினருக்கே போதாது என்பதால் பூவுக்கானதை நான் தெருக்குழாயில் பிடித்துக் கொடுத்தேன். அந்த வரிசையில் ஆண் நான் ஒருவன்தான்.

"என்னா சேட்டா, வீட்டில பெண்ணில்லே?"

"உண்டு."

"பின்னே?"

"இது பூவுக்கு."

"பூவினோ!" முன்னால் நின்றவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். "எடீ, கேட்டோ? இந்தத் தள்ளெல்லாம் பூவினாணெந்நு!"

"பூ குளிச்சு முடிச்சா, மிச்ச வெள்ளம் ஞங்களுக்கும் தரணே சேட்டா" என்றாள் பின்னால் நின்றவள்.

சில வாரங்களில் அவர்களுக்குச் சலித்துவிட்டது. பூச்சேட்டன் என்ற பெயர் மட்டும் நின்றது. என் நாட்குறிப்பில் அந்த மாதங்களில் குழாய் வந்த நேரம், வராத நாள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அவளிடம் என்ன பேசினேன் என்பது இல்லை. அதிகம் பேசியிருக்க மாட்டேன்.

பங்குனியில் எர்ணாகுளத்தில் ஏதோ பெரிய கல்யாணம் முடிந்து மீந்த பூவை ஸ்டூவர்ட் வாங்கி வந்தார். நீளத் தண்டோடு, இலையோடு, நுனிவரை மொட்டு அடுக்கிய வெள்ளைப் பூக்கள். அவள் முகர்ந்து பார்த்தாள்.

"இது சம்பங்கிதானே?"

"ஆயிருக்கும்."

"எங்க கடைக்கு மூட்டை மூட்டையா வரும். இப்படி ஒரு தடவைகூட வந்ததில்ல."

அவள் அறிந்த சம்பங்கி உதிரியாக, சோறு போலக் குவிந்து கிடப்பது. தோட்டத்தில் தூரத்தில் நிற்பதைப் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். தண்டைச் சாணளவுக்கு நறுக்கிக் கண்ணாடியில் நிறுத்தினாள். அன்று அடியில் இரண்டு பூ மட்டும் விரிந்திருந்தது. மறுநாள் அதற்கு மேல் இரண்டு. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஒரு வாரம் அப்படியே படிப்படியாக மேலே ஏறிற்று. வேலை இல்லாத நாளிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு நாள் திரும்பி வரும் வழியில் சொன்னாள்:

"எங்க கடையில காலை ஒன்பது மணிக்கு மேல பூவுக்கு விலை இல்லைங்க. இறங்கிக்கிட்டே போகும். சாயங்காலம் அள்ளிக் கொட்டிருவோம். மறுநாள் இன்னும் நல்லா இருக்கிற பூவ நான் பாத்ததே இல்ல."

ஆவணியைப் பற்றி அந்த வாரம் அவள் பேசவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

ஆனி மாதம் முதலாளியின் மருமகள் பம்பாயிலிருந்து வந்தார். நல்ல பெண்மணி. விடுதியைக் கொஞ்சம் நவீனமாக்க விரும்பினார். திரைச்சீலை, விளக்குக் கூடுகள் ஆகியவற்றோடு ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பச்சை நிறக் கட்டிகள் கொண்டுவந்திருந்தார். வெளிநாட்டுச் சரக்கு. பார்க்கச் செங்கல், தூக்கினால் பஞ்சு. நகம் பட்டால் பள்ளம் விழும். வாளித் தண்ணீரில் வைத்தால் தானே குடித்துத் தானே மூழ்கும். அதற்குப் பிறகு எந்தப் பூவை எந்தப் பக்கம் குத்தினாலும் குத்திய இடத்தில் நிற்கும்.

வாளி காலியாவதைப் பார்த்த ஸ்டூவர்ட் என் காதருகே சொன்னார்: "இத்தனை வெள்ளம் குடிக்கிறதுக்கு ஓர் எருமையைக் கட்டலாம். பாலாவது கிட்டும்."

மருமகள் என் மனைவியிடம், "இனி கஷ்டப்பட வேண்டாம், இதில் ஆருக்கும் செய்யலாம்" என்று தன் மலையாளத்தில் அன்பாகச் சொன்னார். என் மனைவி அந்தக் கட்டியை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் செய்யலாம் என்றால் தான் எதற்கு என்ற கேள்வி அவளுக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது.

அந்த வாரம் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஒரு பெரிய விருந்து. பச்சைக்கட்டியில்தான் பூ என்று முடிவாயிற்று. அவள் தன் அப்பாவிடமிருந்து மறுபடியும் கூடை வரவழைத்தாள். இம்முறை தண்டில்லாத தலைகள் தடையாக இல்லை. ஈர்க்கில் குத்தியதும் பச்சைக்கட்டி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பன்னீர் ரோஜாவை நடுவில் குவித்து, சுற்றி வெள்ளைச் செவ்வந்தி, ஓரத்தில் மரிக்கொழுந்து. மாலை கட்டிப் பழகிய கை, இடைவெளியே தெரியவில்லை. கண்ணாடித் தவளையோடு காலை முழுவதும் மன்றாடுகிறவள், இதைக் குழம்பு கொதிக்கும் நேரத்தில் முடித்துவிட்டாள். அவள் அதுவரை விடுதியில் வைத்தவற்றில் அதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. விருந்தினர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள், ஒருவர் புகைப்படம் எடுத்தார். மருமகளுக்கு மிகவும் சந்தோஷம்.

மறுநாள் காலை கணக்கு விஷயமாக நான் விடுதிக்குப் போனபோது ரோஜாக்கள் பழுப்பேறி உதிர்ந்திருந்தன. ஈர்க்கு நுனிகள் தெரிந்தன.

"இறகு பிடுங்கின கோழி" என்றார் ஸ்டூவர்ட்.

ஈர்க்கு தண்ணீர் குடிக்காது. கட்டிக்குள் வாளித் தண்ணீர் இருந்தும் பூவுக்கு ஒரு சொட்டு ஏறவில்லை. விருந்தினர்கள் இன்னும் சில நாள் தங்குவதாக இருந்தது, அடுத்த கூடை வர ஒரு நாளாகும். ஸ்டூவர்ட் அந்தக் குவியலைச் சமையலறைக்கு எடுத்துப் போய்விட்டு, சுவரோரச் சின்ன மேசையிலிருந்த கண்ணாடிக் கிண்ணத்தை நடுவில் வைத்தார். இன்னொரு கல்யாணத்தில் மீந்ததென்று அவர் கொண்டுவந்து, நாலு நாளைக்கு முன் அவள் நிறுத்தி வைத்த சம்பங்கி, பாதி விரிந்திருந்தது. விருந்தினர்கள் முட்டை சாப்பிட்டார்கள், மிளகு விலை பேசினார்கள். ஒருவரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது, "நேத்து நல்லா இருந்தது" என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது எங்க கடை வேலைதாங்க. நார்ல கட்டாம ஈர்க்குல குத்துனது, அவ்வளவுதான்." கொஞ்ச தூரம் கழித்து, "அந்த வேலைய நான் நிலக்கோட்டையிலயே செய்யலாமே. அதுக்கு எதுக்கு இங்க உக்காந்து உப்புத் தண்ணியில குளிக்கணும்?" என்றாள்.

இதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னேன்.

மருமகள் பம்பாய்க்குத் திரும்புமுன் மீதிக் கட்டிகளைச் சமையற்காரரிடம் ஒப்படைத்து, எப்படிக் குத்துவது என்றும் காட்டிவிட்டுப் போனார். என் மனைவியை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை. அவள் போவதை நிறுத்திக்கொண்டாள். ஆடி பிறந்ததும் பரணிலிருந்து தன் தகரப் பெட்டியை இறக்கி, துடைத்து, கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பட்டுப்புடவைகள் முதலில் உள்ளே போயின. ஓணத்துக்குக் கொச்சியில் வீட்டுக்கு வீடு பூக்களம் போடுவார்கள். அதற்காக மாமனார் ஆவணியில் ஒரு லாரிப் பூவை எர்ணாகுளம் சந்தைக்கு அனுப்புவது வழக்கம். அந்த லாரி வெறுமையாகத் திரும்பும்போது, கூட வரும் தன் தம்பியோடு அவள் போவது என்று ஏற்பாடு. இது எப்போது ஏற்பாடாயிற்று என்று எனக்குத் தெரியாது. ஏற்பாடாகிவிட்டது என்று தெரிந்தது.

ஆடிக் கடைசியில் ஸ்டூவர்ட் வீட்டுக்கு வந்தார். சமையற்காரர் கட்டிகளை வீணாக்க மனமில்லாமல் திரும்பத் திரும்பக் குத்தியிருக்கிறார். குத்திய துளை மூடாது என்பது அவருக்குத் தெரியவில்லை. கட்டி பொடியாகி, வெள்ளை மேசைவிரிப்பில் பச்சைத் தூளாகக் கொட்டிற்று.

"நேத்து ஒரு வெள்ளைக்கார சாயிப்பு கேட்டாரு, மீன் கறியில இதென்ன மசாலான்னு. கறிவேப்பிலைப் பொடின்னு சொல்லிட்டேன். கொள்ளாம், நல்லா இருக்குன்னு சொல்லிச் சாப்பிட்டாரு." பிறகு அவளைப் பார்த்து, "வா மோளே. ஆரும் வரண்டான்னு பறஞ்ஞோ?"

"அந்தம்மா இன்னொரு பெட்டி அனுப்புனா?"

"அனுப்பலாம். அனுப்பாமலும் இருக்கலாம். என் கையிலயா இருக்கு?"

"நான் ஆவணியில ஊருக்குப் போறேண்ணே."

"அது வரைக்கும் வா. போற வரைக்கும் மேசை நல்லா இருக்கட்டும்."

அவள் மறுநாள் கண்ணாடிகளைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். நான் மீண்டும் குழாயடிக்குப் போனேன். பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது, நாளுக்கு நாள் நிறைந்தது. நான் எர்ணாகுளம் போய் மதுரைப் பேருந்துகளின் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை சனிக்கிழமை மாலை புறப்பட்டால் ஞாயிறு அங்கே இருந்துவிட்டுத் திங்கள் காலை கம்பெனிக்கு வந்துவிடலாம். வேறு எப்படித் தயாராவது என்று எனக்குத் தெரியவில்லை.

லாரி வந்த நாள் காலை இருவரும் படகில் எர்ணாகுளம் போனோம். பெட்டியை அவள் எடுத்துவரச் சொல்லவில்லை. தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு எடுத்துப்போவான் என்று எண்ணிக்கொண்டேன். சந்தையில் செண்டுப்பூவும் வாடாமல்லியும் மலைமலையாகக் குவிந்திருந்தன. ஒன்றிலும் தண்டு இல்லை. தம்பி லாரியின் பின்பக்கமிருந்து குதித்து இறங்கினான். தோளில் ஒரு சாக்கு.

"ஏக்கா, நீ சொல்லிவிட்டது. அப்பாவுக்கு ஒண்ணும் விளங்கல. மாட்டுத் தீவனத்துக்கு விதை விதைக்கிறாளாடான்னு கேக்குறாரு."

அவள் சாக்கைத் தரையில் வைத்து வாயைப் பிரித்தாள். மண் ஒட்டிய சிறிய கிழங்குகள். ஒன்றை எடுத்து நகத்தால் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தாள். விடுதியின் சமையலறைக்கும் காயல் சுவருக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் உண்டு. அதை ஸ்டூவர்ட்டிடம் கேட்டு வாங்கி, இரண்டு வண்டி செம்மண் அடிக்கவும் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"என்ன இது?" என்றேன்.

"சம்பங்கிக் கிழங்கு. மத்தவங்க தண்டோட தர மாட்டாங்க. நாமளே வச்சா நம்ம இஷ்டத்துக்கு அறுக்கலாம்."

"பெட்டி எங்கக்கா?" என்றான் தம்பி. "வெயிலுக்கு முன்னாடி கிளம்பணும். டிரைவர் கத்துறான்."

"பெட்டி வீட்ல இருக்கு."

"வீட்லயா? மாமா, பெட்டி எடுத்துட்டு வரலையா நீங்க?"

"என்கிட்ட யாரும் சொல்லல" என்றேன். உண்மைதான்.

"நான் வரலடா" என்றாள். "இத நட்டு நாலு மாசம் ஆகும் பூக்க. அதுவரைக்கும் யாரு பாத்துக்கறது, இவரா? இவருக்குத் தண்ணி பிடிக்கத்தான் தெரியும், ஊத்தத் தெரியாது."

"அப்பாகிட்ட என்ன சொல்ல? முகூர்த்தத்துக்கு நீ வருவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு."

"வேற ஆள் போட்டுக்கச் சொல்லு. ஓட்டல்ல எதாச்சும் சாப்பிட்டுப் போ. மழைக்கு முன்னாடி மலை ஏறிருங்க."

தம்பி என்னைப் பார்த்தான். அக்கா சொல்வது மெய்தானா என்று நான் உறுதி சொல்ல வேண்டும் என்பதுபோல. எனக்கும் அவனளவுக்குத்தான் தெரியும். சாக்கை நான் எடுத்துக்கொண்டேன், எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

திரும்பும் படகில் ஓணக் கூட்டம். சாக்கை எங்கள் காலுக்கிடையில் வைத்துக்கொண்டோம். பிரித்த வாயை அவள் சரியாகக் கட்டவில்லை. எதிரில் இருந்த பெண் எட்டிப் பார்த்து வெங்காயம் என்று நினைத்துவிட்டாள்.

"சின்ன உள்ளியாணோ? கிலோ எத்ர?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பதில் சொன்னாள். அவள் ஒரு முழு வாக்கியம் மலையாளத்தில் பேசி அன்றுதான் கேட்டேன்.

"விக்கானல்ல சேச்சி. பூவின்டெ கிழங்ஙா. கிறிஸ்மஸ் ஆகும்போ விரியும்."

"ஓ, அத்ர நாள் ஆகுமோ?" என்றாள் அந்தப் பெண்.

"ஆகும்" என்று சொல்லிவிட்டு, என் மனைவி குனிந்து சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.